லெப்டின் அறிக்கையோடு வந்த கர்ப்பிணி: ஒரு நிகழ்வு ஆய்வு

26ஆம் வாரத்தில் என் எதிரே வந்து உட்கார்ந்தவர், கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். ரத்தப் பரிசோதனை அறிக்கை. எந்த மருத்துவரும் எழுதிக் கொடுத்ததில்லை; அவரே ஆய்வகத்துக்குப் போய்ப் பணம் கட்டி எடுத்தது. லெப்டின் மில்லிலிட்டருக்கு 52 நானோகிராம். அதன் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஒரு ‘எச்’. அளவு அதிகம் என்பதற்கான அடையாளம்.

“மேடம், லெப்டின்னா பசியை அடக்குற ஹார்மோன்னு படிச்சேன். அது எனக்கு இவ்ளோ இருக்கு. அப்புறம் ஏன் ராத்திரி பதினோரு மணிக்கு அடுப்படியில போய் நிக்கிறேன்?”

கர்ப்பகால உணவு ஆலோசனையில் இதைவிடக் கூர்மையான கேள்வியை நான் அதிகம் கேட்டதில்லை. இந்த ஆய்வு முழுக்க அந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

முன்கூட்டியே ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே வரும் இரண்டு பெண்களும் தனி நபர்கள் அல்லர். ஆலோசனை அறையில் திரும்பத் திரும்பப் பார்க்கும் இரண்டு வகைக் கதைகளை, யாரையும் அடையாளம் காண முடியாதபடி கலந்து வரைந்திருக்கிறேன். அவர்களுடைய எடை, ஆய்வக எண் எல்லாம் விளக்கத்துக்காக வைத்தவை. ஹார்மோன்களைப் பற்றிச் சொல்வது ஆய்வுகளில் தெரியவந்தது.

எடையும் அதன் கட்டமும்

அவருக்கு வயது 29, முதல் கர்ப்பம், உயரம் 158 செ.மீ. கர்ப்பத்துக்கு முன் எடை எவ்வளவு என்று கேட்டதும் “78” என்றார். எப்போது பார்த்த எடை என்றால் யோசிக்கிறார். ஒரு கல்யாணத்துக்கு முன்னால் பார்த்ததாம். 9ஆம் வாரப் பதிவில் 79 என்று இருந்ததால், 78ஐ ஏற்றுக்கொண்டோம். இதில் கொஞ்சம் கறாராக இருப்பது நல்லது. நினைவிலிருந்து சொல்லும் எடை பெரும்பாலும் உண்மையைவிடச் சற்றுக் குறைவாகவே வரும். பின்னால் போடும் கணக்கெல்லாம் அந்த எண்ணின் மேல்தான் நிற்கிறது.

78 கிலோ, 158 செ.மீ. என்றால் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் எண், 31.2. உடல் பருமன் பிரிவு. அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 2009இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதல்தான் பல நாடுகளில் இன்றும் கையில் இருப்பது. அதன்படி பிஎம்ஐ 30ஐத் தொட்டவர்கள் கர்ப்பம் முழுவதும் 5 முதல் 9 கிலோ கூடலாம். 25 முதல் 29.9 வரை என்றால் 7 முதல் 11.5. இயல்பான எடை, அதாவது 18.5 முதல் 24.9 வரை என்றால் 11.5 முதல் 16. அதற்கும் கீழே இருப்பவர்கள் 12.5 முதல் 18 கிலோ வரை கூட வேண்டும்.

இவர் 26ஆம் வாரத்திலேயே 86.5 கிலோ. கூடியது 8.5. இன்னும் மூன்று மாதம் பாக்கி, உச்சவரம்புக்கு மிச்சம் அரைக் கிலோ.

இந்த இடத்தில் பலரும் ஒரு தவறான முடிவுக்குப் போகிறார்கள்: “குண்டா இருக்கிறவங்க கர்ப்பத்துல ரொம்ப எடை போடுவாங்க.” கிலோ கணக்கில் பார்த்தால் நிலவரம் நேர்மாறு. பிஎம்ஐ கூடக் கூட, கர்ப்பத்தில் சராசரியாகக் கூடும் எடை குறைகிறது. ஆனால் அவர்களுக்கு வைத்திருக்கும் வரம்பு அதைவிட வேகமாகக் குறைகிறது. அதனால் வரம்பைத் தாண்டுகிறவர்கள் அந்தப் பக்கம் அதிகம். இவர் கூட்டிய அதே 8.5 கிலோவை, இயல்பான எடையில் தொடங்கிய ஒருத்தர் 26ஆம் வாரத்தில் கூட்டியிருந்தால் யாரும் பெரிதாக எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். தாண்டுவது அபூர்வமும் இல்லை. 2017இல் வந்த ஒரு தொகுப்பாய்வு 13 லட்சத்துக்கு மேற்பட்ட கர்ப்பங்களைப் பார்த்தது. வரம்புக்கு மேல் போனவர்கள் 47 சதவீதம், கீழே நின்றவர்கள் 23 சதவீதம். வரம்புக்குள் இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

அந்த ‘எச்’

லெப்டினைக் கண்டுபிடித்தது 1994இல், நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மேனின் குழு. கொழுப்பு செல்கள் சுரக்கும் ஹார்மோன் இது. கிடங்கில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று மூளைக்குக் கணக்கு அனுப்புவது இதன் வேலை. கொழுப்பு அதிகமானால் லெப்டின் அதிகம். மூளையில் ஹைப்போதலாமஸ் அதைப் படித்துப் பசியைத் தணிக்க வேண்டும். ஏற்பாடு இதுதான். ஆனால் உடல் பருமன் உள்ளவர்கள் ரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே எக்கச்சக்கமாக இருக்கிறது, பசி மட்டும் அதற்கேற்பத் தணிவதில்லை. மூளைக்குள் போகும் லெப்டின் அந்த விகிதத்தில் கூடுவதில்லை, போனதற்கும் செல்கள் முன்போல் அசைந்து கொடுப்பதில்லை. இதைத்தான் லெப்டின் எதிர்ப்பு என்கிறார்கள். நாள் முழுக்க ஒலிக்கும் மணி, கொஞ்ச நாளில் காதில் விழாமல் போகிற மாதிரி.

இப்போது கர்ப்பம். 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், நஞ்சுக்கொடியும் லெப்டின் சுரக்கிறது என்று காட்டினார்கள். அப்படிச் சுரப்பதில் பெரும்பகுதி குழந்தைக்குப் போவதில்லை, தாயின் ரத்தத்துக்கே வருகிறது. ஆகவே எந்த எடையில் தொடங்கினாலும் கர்ப்பத்தில் லெப்டின் ஏறும். கர்ப்பம் இல்லாத நிலையைப் போல இரண்டு மூன்று மடங்குவரை போய், இரண்டாம் பருவத்தின் (கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்கள்) கடைசியில், ஏறக்குறைய 28ஆம் வாரத்தை ஒட்டி உச்சம் தொடும். பிரசவமாகி நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் சடாரென்று இறங்கும்.

அப்படியானால் 26ஆம் வாரத்துப் பெண்ணின் ரத்தத்தை எடுத்து, கர்ப்பமில்லாத பெண்களுக்கான எல்லையோடு ஒப்பிட்டால் ‘எச்’ வராமல் வேறென்ன வரும்? அறிக்கையின் வலப்பக்கத்தில் எல்லை அச்சிட்டிருந்தது. ‘வயது வந்த பெண்கள்’ என்று மட்டும். கர்ப்ப வாரம் என்று ஒரு வரி இல்லை, பிஎம்ஐ என்று ஒரு வரி இல்லை. எழுதிக் கொடுக்காத பரிசோதனையை எடுப்பதில் உள்ள சிக்கல் இதுதான்: எண் சரியாகவே இருக்கும், பக்கத்தில் இருக்கும் அளவுகோல் வேறு யாருக்கோ உரியதாக இருக்கும்.

தொடங்கிய இடம் வேறானால்

விஷயம் சுவையாவது இங்கேதான். இயல்பான எடையில் தொடங்கும் பெண்ணின் லெப்டின், கீழிருந்து கிளம்பி மளமளவென்று ஏறுகிறது. உடல் பருமனோடு தொடங்கும் பெண்ணுக்கு முதல் மாதத்திலேயே அளவு உயரத்தில் இருக்கிறது; அங்கிருந்து ஏறும் விகிதம் குறைவு என்று பல ஆய்வுகளில் தெரிகிறது. அவர் உடலில் புதிதாகச் சேரும் கொழுப்பும் பொதுவாகக் குறைவு. கடைசி மாதங்களில் இருவருக்கும் இடையே இருந்த தூரம் சுருங்குகிறது. ஒரே வாரத்தில் இருவர் ரத்தத்தையும் ஒருமுறை மட்டும் எடுத்துப் பார்க்கிறவருக்கு இந்தப் பயணம் கண்ணில் படாது.

சரி, இயல்பான எடைக்காரருக்கு லெப்டின் அவ்வளவு ஏறுகிறதே, பசி குறைய வேண்டாமா? குறைவதில்லை. அவருக்கும் மூளை காதைப் பொத்திக்கொள்கிறது. எலிகளில் நடந்த ஆய்வுகளில், பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டினும் அதைப் போலவே நஞ்சுக்கொடி சுரக்கும் லாக்டோஜென்னும் ஹைப்போதலாமஸில் லெப்டினின் பிடியைத் தளர்த்துவது தெரியவந்தது. கர்ப்பத்தைத் தாங்கிப் பிடிக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் தன் பங்குக்குப் பசியைத் தூண்டுகிறது. பின் மாதங்களில் குழந்தை வேகமாக வளர்வதற்கும், அதற்குப் பிறகு பாலூட்டுவதற்கும் முன்கூட்டியே சேமித்து வைக்கும் ஏற்பாடு இது. கிடங்கு நிறையும்போது ‘போதும்’ என்ற குரலை உடலே வேண்டுமென்று மட்டுப்படுத்துகிறது.

இயல்பான எடைக்காரருக்கு இந்த மந்தம் தற்காலிகம். நம் 29 வயதுக்காரருக்கோ பழைய மந்தம் ஒன்று ஏற்கெனவே இருந்தது, அதன் மேல் கர்ப்பத்தின் மந்தம் வந்து உட்கார்ந்திருக்கிறது. அவருடைய 52 சொல்வது இவ்வளவுதான்: அனுப்புகிற பக்கம் வேலை நடக்கிறது. கேட்கிற பக்கம் என்ன நிலை என்று எந்த ரத்தப் பரிசோதனையும் சொல்லாது.

அவரிடம் இப்படிச் சொன்னேன்: “தபால் நெறைய போகுதும்மா. அந்த வீட்ல யாரும் பிரிச்சுப் படிக்கல.” சிரித்தார். பிறகு, “அப்ப இது என் வாய்க்கட்டுப்பாடு இல்லாததால இல்லையா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் பல வருஷமாகச் சுமந்துகொண்டிருந்தார் என்பது குரலிலேயே தெரிந்தது.

கிரெலின்: எதிர்ப்பக்கத்துக் குரல்

பசியைத் தூண்டும் பக்கத்தில் நிற்பது கிரெலின். 1999இல் ஜப்பானில் கோஜிமா, கங்காவா இருவரும் கண்டறிந்தது. முக்கியமாக இரைப்பையில் சுரக்கிறது. சாப்பாட்டுக்கு முன் ஏறும், சாப்பிட்டதும் இறங்கும். ஒல்லியானவர்களுக்கு வெறும் வயிற்றில் இது அதிகம், பருமனானவர்களுக்குக் குறைவு. கேட்கிறவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். ஆனால் உடலின் கணக்கில் நியாயம் இருக்கிறது: சரக்கு குறைந்த கிடங்குதான் அதிகமாகக் கூவ வேண்டும்.

பருமன் உள்ளவர்களின் தொல்லை வெறும் வயிற்று அளவில் இல்லை, சாப்பிட்ட பிறகு நடப்பதில் இருக்கிறது. மற்றவர்களுக்குச் சாப்பிட்டதும் நன்றாக இறங்கும் கிரெலின், இவர்களுக்கு அவ்வளவாக இறங்குவதில்லை. தட்டு காலியாகிறது, மணி நிற்கவில்லை. கர்ப்பத்தைப் பொறுத்தவரை, பல ஆய்வுகளில் கிரெலின் நடுமாதங்களில் உயர்ந்து கடைசி மாதங்களில் தாழ்கிறது.

இதை அளப்பதும் லேசுப்பட்ட காரியம் இல்லை. கிரெலினில் செயல்படும் வடிவம் ரத்தத்தை எடுத்த கையோடு சிதையத் தொடங்கும். உடனே குளிர்வித்து, அமிலம் சேர்த்துப் பக்குவமாக வைக்க வேண்டும். போதாததற்குக் கர்ப்பத்தில் ரத்தத்தின் திரவப் பகுதியே ஏறக்குறைய பாதி அளவு கூடிவிடுகிறது. நீர்த்துப்போன ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு இவ்வளவு என்று சொல்வதைக் கொஞ்சம் யோசித்துத்தான் படிக்க வேண்டும். லெப்டினுக்கும் ஒரு நாள் சுழற்சி உண்டு, இரவில் ஏறும். இவர் ரத்தம் கொடுத்தது மாலை ஐந்து மணிக்கு, டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்ட பிறகு!

இன்சுலினையும் இந்தக் கூட்டத்தில் சேர்க்க வேண்டும். அதுவும் மூளைக்குப் ‘போதும்’ என்று சொல்கிற ஒன்று. கர்ப்பத்தின் கடைசிப் பகுதியில் உடல் இன்சுலினுக்குக் கட்டுப்படும் தன்மை பாதிக்கு மேல் குறைந்துவிடுகிறது. பருமனோடு தொடங்கியவருக்கு அந்தத் தன்மை முதலிலேயே குறைவு. நம் 29 வயதுக்காரரின் 75 கிராம் குளுக்கோஸ் பரிசோதனையில் ரத்தச் சர்க்கரை வெறும் வயிற்றில் 90, ஒரு மணி நேரத்தில் 171, இரண்டு மணி நேரத்தில் 146. வரம்புகள் முறையே 92, 180, 153. கர்ப்பகால நீரிழிவு இல்லை. ஆனால் மூன்று எண்ணும் வேலியை ஒட்டியே நின்றன.

பசிக் குறிப்பேடு

ஹார்மோனைத் திரும்ப அளக்க வேண்டாம் என்று சொல்லி, ஒரு சின்ன நோட்டில் மூன்று பத்தி போட்டுக் கொடுத்தேன்: நேரம், பசி (0 முதல் 10), என்ன சாப்பிட்டார். கலோரி எழுத வேண்டாம் என்று தனியாகச் சொன்னேன். கலோரி எழுதச் சொன்னால் பொய் எழுதுவார்கள். நானும் எழுதியிருக்கிறேன்.

ஒரு வாரம் கழித்து நோட்டைத் திறந்தால், எல்லா நாளும் ஒரே மாதிரி. காலை எட்டு மணி: பசி 2, டீ மட்டும். பத்தரை: பசி 6, ‘பொறுத்துக்கொண்டேன்’. மதியம் கொஞ்சம். மாலை: பசி 8. இரவு 11.10: பசி 9, அந்த வரியில் கையெழுத்தே சாய்ந்திருக்கிறது. அதிகாலை மூன்றரை: சிறுநீர் கழிக்க எழுந்தபோது பசி 7.

‘பொறுத்துக்கொண்டேன்’ என்ற சொல் ஏழு நாளில் ஐந்து முறை. எடை கூடக்கூடாது என்று யாரோ பயமுறுத்தியதில் பகலெல்லாம் வயிற்றைக் காயப்போட்டிருக்கிறார். இரவில் அது வட்டியோடு திரும்ப வாங்கிக்கொண்டது. தூக்கமும் கெட்டிருக்கிறது. கர்ப்பமில்லாதவர்களிடம் செய்த பரிசோதனைகளிலேயே, தூக்கத்தைக் குறைத்தால் லெப்டின் இறங்கி கிரெலின் ஏறுவதைப் பார்த்திருக்கிறார்கள்.

நான் செய்த மாற்றம் எளியது. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் புரதமும் நார்ச்சத்தும் உள்ள ஒரு முழுச் சாப்பாடு. பத்தரை மணிக்கு இன்னொன்று, பசி 6ஐத் தொடும் முன்பே. இரவில் பசித்தால் சாப்பிடலாம், என்ன சாப்பிடுவது என்று பகலிலேயே முடிவு செய்து எடுத்து வைத்திருக்க வேண்டும். இரண்டாம் பருவத்தில் கூடுதலாகத் தேவைப்படுவது நாளுக்கு 340 கிலோ கலோரி, மூன்றாம் பருவத்தில் 452, முதல் பருவத்தில் ஒன்றுமே இல்லை என்பதையும் சொன்னேன். ‘ரெண்டு பேருக்குச் சாப்பிடு’ என்பதைக் கேட்டே வளர்ந்தவருக்கு அந்தப் பூஜ்யம் நம்ப முடியாததாக இருந்தது.

அதே வாரம், அடுத்த நாற்காலி

ஒப்பிட இன்னொருவர். வயது 25, உயரம் 160 செ.மீ., கர்ப்பத்துக்கு முன் 46 கிலோ. பிஎம்ஐ 18. இவரும் 26ஆம் வாரம்தான், கூடியது 4.5 கிலோ. முதல் பருவத்தில் அரை முதல் இரண்டு கிலோ, பிறகு வாரத்துக்கு அரைக் கிலோ என்ற கணக்கில் இந்நேரம் ஏழு கிலோவைத் தாண்டியிருக்க வேண்டும்.

இவருக்குக் கொழுப்பு குறைவு, அதனால் தொடக்க லெப்டின் குறைவாகவும் வெறும் வயிற்றுக் கிரெலின் கூடுதலாகவும் இருந்திருக்கும். ஏட்டுப்படி நன்றாகப் பசித்திருக்க வேண்டும். ஆனால் 18ஆம் வாரம்வரை குமட்டல் ஆளையே வாட்டி எடுத்துவிட்டது. குமட்டலுக்கு ஜிடிஎஃப்15 என்ற இன்னொரு ஹார்மோன் காரணம் என்று 2023இல் வெளியான ஆய்வு வலுவாகக் காட்டியது. கருவும் நஞ்சுக்கொடியும் அதை அதிகமாகச் சுரக்கின்றன. கர்ப்பத்துக்கு முன் ரத்தத்தில் அது குறைவாக இருந்த பெண்களுக்குப் பழக்கம் இல்லாததால் குமட்டல் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். பசி ஹார்மோன் எவ்வளவு கூவினாலும் இந்தக் குரல் மேலே எழுந்துவிடும்.

குமட்டல் நின்ற பிறகு அவர் சொன்னது: “பசிக்குது மேடம். நாலு வாய் வச்சதும் நெறைஞ்சிடுது.” புரோஜெஸ்டிரோன் குடலை மெதுவாக்குகிறது, வளரும் கருப்பை இரைப்பையைத் தள்ளுகிறது. அவருக்கு ஆறு சிறு வேளை, சாப்பாட்டின் நடுவே தண்ணீர் குறைவு, கொஞ்சம் சாப்பிட்டாலும் சத்து நிறைந்ததாக. வேறு வித்தை எதுவும் இல்லை.

எப்படி முடிந்தது

முதல் பெண் 26 முதல் 38ஆம் வாரம்வரை 3 கிலோ கூடினார், வாரத்துக்குக் கால் கிலோ. அவர் பிரிவுக்குச் சொல்லப்படும் வேகம் 0.22. மொத்தம் 11.5 கிலோ; 9 என்ற வரம்பைத் தாண்டிவிட்டது, அதை மறைப்பதற்கில்லை. வேகம் குறைந்தது என்பதே இதில் கிடைத்த பலன். இரவு 11.10 என்ற வரி 31ஆம் வாரத்துக்குப் பிறகு நோட்டில் இல்லை. 39ஆம் வாரத்தில் 3.4 கிலோ எடையுள்ள குழந்தை. இரண்டாமவர் மொத்தம் 11.8 கூடினார், கீழ்வரம்பான 12.5ஐத் தொடவில்லை, குழந்தை 2.9 கிலோ.

சாப்பாட்டு நேரத்தை மாற்றியதால் முதல் பெண்ணின் கிரெலின் மாறியது என்று நான் சொல்ல மாட்டேன். அளக்கவே இல்லை. கடைசி மாதங்களில் கிரெலின் தானாகவே தாழும் காலமும் அதுதான். பகல் பட்டினி நின்றதும் அதே சமயம்தான்.

இன்னொன்றும் கேட்டார், இப்போது பலரும் கேட்பது: பசியை அடக்க வாரம் ஒருமுறை போடும் செமாகுளுடைட் ஊசி போடலாமா என்று. கர்ப்பத்தில் கூடாது, கருத்தரிக்கத் திட்டமிட்டால் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். நிறுத்தினால் அடக்கி வைத்த பசி திரும்பும். அது கர்ப்பத்தின் பசியோடு சேர்ந்து வரும் என்பதையும் திட்டமிடும்போதே பேசிவிட வேண்டும்.

பிரசவமாகி ஆறாவது வாரம் வந்தார். எடை 82. நஞ்சுக்கொடியின் லெப்டின் போய் நாளாகிவிட்டது, பாலூட்டும் பசி வந்துவிட்டது. புது நோட்டு ஒன்று கையில் இருந்தது, பழைய அறிக்கையும் அதே மடிப்போடு உள்ளே இருந்தது.

“மறுபடி லெப்டின் எடுத்துப் பாக்கவா மேடம்?”

வேண்டாம் என்றேன். அதற்குப் பதிலாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை, காலையில், அதே தராசில் எடை பார்த்துத் தேதியோடு எழுதச் சொன்னேன். நோட்டின் பின்னட்டையில் அன்றைய தேதியைப் போட்டு, 82.0 என்று புள்ளியோடு எழுதிக்கொண்டார்.